கடிவாளம் பிடிக்கும் கை

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை அறியாத தமிழ் வீடு இல்லை. மாட்டைப் பற்றிச் சொல்லப்பட்டதாயினும், பெரும்பாலும் அது பிள்ளைகளின் முதுகைக் குறிவைத்தே பேசப்படுகிறது. மதிப்பெண் குறைந்த நாளிலும், பாத்திரம் உடைந்த நாளிலும், எதிர்த்து ஒரு சொல் வந்துவிட்ட நாளிலும் இப்பழமொழி சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. மாடுகளை உண்மையாகவே வளர்க்கும் உழவரைக் கேட்டால் அவர் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். இம்மாதம் நான் எழுதக் கருதியது மாட்டைப் பற்றியன்று. குதிரையைப் பற்றியும், குதிரையேறக் கற்கும் சிறு பிள்ளைகளைப் பற்றியும் ஆகும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னை, பெங்களூர், கோவை போன்ற நகரங்களில் சிறுவர் சிறுமியர்க்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் கூடங்கள் இன்று இருக்கின்றன. ஒரு காலத்தில் படை அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் தோட்டத் துரைமாரின் பிள்ளைகளுக்குமே உரியதாயிருந்த இக்கலை, இப்போது மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஓரளவு எட்டுகிறது. அண்மையில் ஒரு தந்தை என்னிடம், "பெண் மிகவும் கூச்சப்படுகிறாள், சாமி. குதிரையேற்றம் கற்றால் துணிவு வரும் என்கிறார்கள். அனுப்பலாமா?" என்று கேட்டார். துணிவு வரலாம், வராமலும் போகலாம் என்றேன். ஆனால் துணிவைவிட அரிதான வேறொன்றை அக்கூடத்தில் பிள்ளை கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. அதை அவருக்கு நின்றுகொண்டே விளக்க இயலவில்லை. ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் குதிரையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள அந்த உடலைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அஞ்சுவதையே தொழிலாகக் கொண்டது குதிரை. கொம்பு இல்லை, நகம் இல்லை, கோரைப்பல்லும் பயன்படுவதில்லை. புல்வெளியில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி வந்த இனம் அது. அதற்கு இருந்த ஒரே காப்பு, ஆபத்தை முதலில் கண்டு முதலில் ஓடுவது. அதற்கேற்பவே அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஏறக்குறைய 350 பாகை அளவுக்குத் தன்னைச் சுற்றிலும் அது காண வல்லது. நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு இடமும், வாலுக்கு நேர் பின்னே ஓர் இடமுமே அதன் பார்வைக்குத் தப்புவன. இதனால்தான் குதிரையின் பின்புறமாகச் செல்லாதே, நேர் முன்னாலும் திடீரென்று கை நீட்டாதே, தோள்பட்டைப் பக்கமாகப் பேசிக்கொண்டே நெருங்கு என்று முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். காதுகளோ ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும். காது முன்னோக்கி நின்றால் அது எதையோ கவனிக்கிறது. பின்னோக்கிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் சினமோ வலியோ. வாய்ச்சொல் இல்லாத ஓர் உயிரின் மனநிலையை அதன் காதிலும், நாசியிலும், வால் அசைவிலும் படித்தறியும் பயிற்சி ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. தன் வீட்டுப் பாட்டியின் முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல் கைபேசிக்குள் கிடக்கும் பிள்ளைக்கு இது சிறிய பேறு அன்று.

இனி, குதிரையைப் பழக்குவது எவ்வாறு? பிறந்த ஓரிரு மணி நேரத்திற்குள் குட்டி எழுந்து நின்றுவிடும். தாயோடு சில மாதங்கள் திரியும் காலத்திலேயே மனிதக் கை அதன்மேல் படவேண்டும். கழுத்தைத் தடவ வேண்டும். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் இலாடம் அடிப்பவரிடம் அமைதியாகக் கால் கொடுக்கும் குதிரை, குட்டிப் பருவத்தில் இவ்வாறு பழகிய குதிரையே. பின்னர் தலையில் முகக்கயிறு அணிவித்து, உடன் நடக்கக் கற்பிப்பார்கள். அதன் பின்னர் நீண்ட கயிற்றின் ஒரு முனையைப் பயிற்றுநர் பிடித்து நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும், ஓடும், சொல் கேட்டு நிற்கும். அடுத்து முதுகில் ஒரு துணி. பல நாள் கழித்துச் சேணம். அதை இறுக்கும் வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், ஒவ்வொரு துளையாக. இத்தனைக்கும் பிறகே மனித எடை. அதுவும் முதலில் ஒருவர் குறுக்கே வயிறு படியச் சாய்ந்து, இறங்கி, மீண்டும் சாய்ந்து, இறங்கி, சில நாள் சென்ற பின்னரே காலை மறுபுறம் போட்டு அமர்வார்.

எத்தனை வயதில் இதைச் செய்யலாம்? பொறுமையுள்ளவர்கள் மூன்று, நான்கு வயது வரை காத்திருப்பர். பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடவிடப்படுகின்றன. குதிரையின் கால் எலும்புகள் முதலில் முற்றுகின்றன; முதுகெலும்போ முழுமையாக முற்ற ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். பார்ப்பதற்கு வளர்ந்துவிட்டது போலத் தோன்றும் குட்டியின் முதுகு உள்ளே இன்னும் இளசு. மூன்று வயதுக் குழந்தையின் கையில் எழுதுகோலைத் திணித்து, எழுத்து கோணினால் விரலில் அடிக்கும் பள்ளிகள் என் நினைவுக்கு வருவதை என்னால் தடுக்க இயலவில்லை.

பழக்குதலின் நுட்பம் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. ஏறியிருப்பவர் தம் காலால் குதிரையின் விலாவை இலேசாக அழுத்துகிறார். குதிரைக்கு அது சிறு தொல்லை. அது ஓர் அடி முன்னே வைக்கிறது. அந்தக் கணமே அழுத்தம் நீங்க வேண்டும். குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, அழுத்தம் நீங்கிய அந்தக் கணத்தில் இருக்கிறது. "இதைத்தான் கேட்டார்கள் போலும், செய்தேன், விட்டுவிட்டார்கள்" என்று அது தெரிந்துகொள்கிறது. ஓரிரு நொடி தாமதித்துவிட்டால் எதற்காக விட்டார்கள் என்பது அதற்கு விளங்காது. அடி வைத்த பின்னும் அழுத்திக்கொண்டேயிருந்தால், அடி வைத்தாலும் வைக்காவிட்டாலும் தொல்லை ஒன்றே என்று எண்ணி, நாளடைவில் எதையும் பொருட்படுத்தாமல் மரத்துப்போகும். இவ்வாறு மரத்துப்போன குதிரையைத்தான் "இதற்கு அடி பத்தாது" என்பார்கள். நாள்தோறும் காலையிலிருந்து இரவுவரை ஏவிக்கொண்டேயிருந்து, ஏவியதைச் செய்து முடித்தபோது ஒரு நொடியும் ஓய்ந்திராத வீடுகளில், பிள்ளைகள் தாயின் குரலைச் செவியில் வாங்காமல் இருப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

இவை இன்றைக்குக் கண்டுபிடித்த செய்திகள் அல்ல. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குதிரைப் பயிற்சி நூல், ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முன் மித்தானி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவர் தேர்க் குதிரைகளுக்காகச் சொன்ன முறை. இன்றைய துருக்கி நாட்டில் களிமண் ஏடுகளாக அது கண்டெடுக்கப்பட்டது. அந்நூலில் குதிரை ஓடவேண்டிய சுற்றுகளைக் குறிக்கும் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்ணுப்பெயர்கள் வடமொழிச் சொற்களை ஒத்திருப்பதை மொழிநூலார் வியந்து பேசுவர். எத்தனை நாள், எவ்வளவு தொலைவு, எப்போது நீர், எப்போது தீனி என்று நாள் கணக்கு வைத்து எழுதப்பட்ட நூல் அது. குதிரையின் மனத்தைப் பற்றி அது அதிகம் பேசவில்லை.

மனத்தைப் பற்றிப் பேசியவர் கிரேக்கராகிய செனபோன். கி.மு. 4ஆம் நூற்றாண்டினர், சாக்ரட்டீசின் மாணவர், படைத்தலைவராகப் போர்க்களங்களைக் கண்டவர். கூலிப்படையோடு பகை நாட்டுக்குள் அகப்பட்டு, பல்லாயிரம் வீரர்களை மீட்டு வந்தவர்களுள் ஒருவர். அத்தகைய மனிதர் முரட்டுத்தனத்தைப் போதிப்பார் என்றல்லவா எண்ணுவோம்? அவருடைய குதிரையேற்ற நூலின் அடிப்படை இதற்கு நேர்மாறானது. சினத்தோடு குதிரையை அணுகாதே என்கிறார். ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரண்டால், அதை அடிக்காதே. மெல்ல அப்பொருளின் அருகே அழைத்துச் சென்று அதில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை எனக் காட்டு என்கிறார். ஏனெனில் அடி விழுந்தால், அந்த வலியும் அப்பொருளிலிருந்தே வந்தது என்று குதிரை கருதும், அச்சம் இரட்டிப்பாகும். வற்புறுத்திச் செய்விக்கும் செயலில் அறிவும் இராது, அழகும் இராது என்பது அவர் கருத்து. இத்தனையும், அங்கவடி என்னும் கால் தாங்கி கிரேக்க நாட்டில் இல்லாத காலத்தில், வெறும் துணியின்மேல் அமர்ந்து போர் செய்தவர் சொன்னவை. கணக்குப் பாடத்தைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு, கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டே அடி கொடுக்கும் பெற்றோர் செனபோனின் இந்த ஒரு பகுதியை மட்டுமாவது சிந்திக்கலாம்.

நம் நாட்டுச் செய்தி ஒன்றும் உண்டு, அது பெருமைக்குரியதன்று. தென்பாண்டி நாட்டுக் காயல் துறைக்கு ஆண்டுதோறும் அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் மரக்கலங்களில் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் பெரும்பொருள் கொடுத்து ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்பதையும் எழுதிவைத்தார். இலாடம் அடிக்கத் தெரிந்தவரும் மருத்துவம் அறிந்தவரும் இங்கு இல்லை என்பதே அவர் கண்ட காரணம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் ஏறக்குறைய அதே காலத்தில் இவ்வாறே எழுதினார். வந்து இறங்கிய குதிரைக்கு வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் ஊட்டி, கயிற்றாலும் முளையாலும் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பின்னர் எந்தப் பயிற்சியுமின்றி ஏறி விரட்டுகிறார்கள் என்று அவர் குறை கூறுகிறார். வெளிநாட்டார் சொல்லில் சற்று மிகை இருக்கலாம். வணிகர்கள் ஆண்டுதோறும் புதிய குதிரை விற்கும் ஆசையால் இலாடக்காரர்களை அனுப்பாமல் தடுத்தனர் என்றும் மார்க்கோ போலோவே கூறுகிறார். ஆயினும் அக்குதிரைகள் அன்பின்மையால் சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாலும் வெண்ணெயும் ஊட்டியவர்கள் அன்பில்லாதவர்களா? புல் தின்னப் படைக்கப்பட்ட வயிற்றுக்கு எது பொருந்தும் என்று எவரும் கேட்டறியவில்லை. குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்க மிகச் சிறியது. சிறிது சிறிதாக நாளெல்லாம் மேய வேண்டும். உண்டது ஒவ்வாவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது; வயிற்றுவலியே அதற்கு எமனாகிவிடும். இன்றும் பல இலாயங்களில் குதிரையை மடியவைப்பது பட்டினியைவிடத் தப்பான தீனிதான்.

பிள்ளைகளிடம் வருவோம். நல்ல கூடத்தில் சேர்ந்த பிள்ளை முதல் நாளே குதிரைமேல் ஏறிவிடுவதில்லை. இலாயத்தைக் கூட்டுவதும், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும், உடல் தேய்ப்பதுமே தொடக்கப் பாடங்கள். முதலில் கரடுமுரடான சீப்பால் வட்டமாகத் தேய்த்துச் சேற்றைக் கிளப்ப வேண்டும். பின்னர் மெல்லிய தூரிகையால் மயிர் படியும் திசையில் துடைக்க வேண்டும். குளம்பைத் தூக்கி, அடியில் அடைந்துள்ள சாணத்தையும் கல்லையும் கொக்கியால் எடுக்க வேண்டும். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே குத்திவிடலாகாது. குதிரையைப் பிடித்துச் செல்லும்போது கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளலாகாது. மிரண்டு ஓடினால் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டில் தான் உண்ட தட்டைக் கழுவாத பிள்ளை, இங்கே குதிரையின் தொட்டியைக் கழுவுகிறது. தாய்மார் சிலர் இதைக் கண்டு வருந்துவதுண்டு. "பணம் கட்டிச் சாணம் அள்ளவா அனுப்பினோம்?" என்று கேட்டவரையும் நான் அறிவேன். ஆம், அதற்கும் சேர்த்துத்தான்.

ஏறிய பின்னரும் கடிவாளம் உடனே கைக்கு வராது. பயிற்றுநர் நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை கைகளை விரித்தபடியோ, பிடரி மயிரைப் பற்றியபடியோ வட்டமாகச் சுற்றிவரும். குதிரையின் நடையில் நான்கு தாளம் உண்டு. துள்ளுநடையில் இரண்டு தாளம். மூலைக்கு மூலை எதிரான இரு கால்கள் ஒருசேர எழுந்து விழும். அதற்கு மேலான பாய்ச்சலில் மூன்று தாளம். துள்ளுநடையில் உடல் தூக்கியெறியப்படுவது போலிருக்கும். அதற்கு ஈடாக ஒரு தாளத்தில் எழுந்து மறு தாளத்தில் அமரப் பிள்ளை கற்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எண்ணிக்கொண்டேயிருக்கும் பிள்ளை, ஏதோ ஒரு நாள் எண்ணுவதை மறந்து தாளத்தில் விழுந்துவிடும். அன்று அதன் முகத்தைக் காண வேண்டும்.

கடிவாளம் ஏன் கடைசியில் தரப்படுகிறது? குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெற்று ஈறு உண்டு. கடிவாள இரும்பு கிடப்பது அந்த மெல்லிய ஈற்றின்மேல். நிலைதடுமாறும் பிள்ளை கடிவாளத்தைப் பற்றித் தொங்கினால், அத்தனை எடையும் அங்கே போய் விழுகிறது. தானாக நிமிர்ந்து அமரக் கற்ற பின்னரே கடிவாளம் தரவேண்டும் என்பதன் பொருள் இதுவே. தன் நிலையைத் தான் காக்க இயலாதவர் கையில் பிறர் வாயின் கயிறு இருத்தலாகாது. ஆனால், மலை வாழிடங்களில் ஏரிக்கரையில் வாடகைக்கு நிற்கும் மட்டக்குதிரைகளின்மேல், ஏறிய நொடியிலேயே கடிவாளத்தைப் பிடித்து வெட்டி இழுத்துப் படம் எடுத்துக்கொள்வது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. பெரியவர்களும் ஏறுகிறார்கள். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. மட்டக்குதிரை ஒன்று 250 கிலோ இருந்தால், சேணத்தோடு சேர்த்து 50 கிலோ. நம்முள் எத்தனை பேர் அந்தக் கணக்குக்குள் அடங்குவோம்?

ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். பெங்களூரின் புறநகர்ப் பகுதியில் ஒரு கூடம். உறவினர் பிள்ளையை அழைத்துச் சென்றவருக்குத் துணையாக நானும் சென்றிருந்தேன். கற்பிப்பவர் குதிரைப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெள்ளை மட்டக்குதிரையில் அமர்ந்திருந்தாள். தரையில் கிடத்திய ஒரு மூங்கில் கழியைத் தாண்டி நடக்க வேண்டும், அவ்வளவே. குதிரை கழியருகே வந்து நின்றுவிட்டது. சிறுமி உதைத்தாள். அது பின்வாங்கிற்று. வேலிக்கு வெளியே நின்ற தந்தை, "அடிம்மா! நல்லா ஓர் உதை கொடு! பயந்தா ஏறி மிதிச்சிடும்!" என்று கூவினார். சிறுமி அழுதுகொண்டே உதைத்தாள். குதிரையின் காதுகள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டன. முதியவர் வேலிப் பக்கம் வந்து, "தம்பி, நீங்க அந்த மரத்தடியிலே போய் உட்காருங்க. குதிரைக்கு ரெண்டு முதலாளி ஆகாது" என்றார். பிறகு சிறுமியிடம் திரும்பி, "பாப்பா, கயிற்றைத் தளர விடு. அதன் கழுத்தைத் தடவு. அது கழியை மோந்து பார்க்கட்டும், உனக்கு அவசரமா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். குதிரை தலை தாழ்த்திக் கழியை முகர்ந்தது, பெருமூச்சு விட்டது. "இப்போ காலாலே லேசா கேளு. ஓர் அடி வெச்சா உடனே விட்டுடு." ஓர் அடி. விட்டாள். இன்னோர் அடி. விட்டாள். மூன்றாம் முறை அது கழியைத் தாண்டி, எதுவும் நடவாதது போல நின்றது. "இன்னிக்கு இது போதும், பாப்பா, இறங்கு" என்றார் முதியவர். பாட நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் மிச்சமிருந்தது. ஒரு மணி நேரத்திற்கல்லவா பணம் கட்டினோம் என்று தந்தை முணுமுணுத்தார். நன்றாக முடிந்த இடத்தில் நிறுத்தினால்தான் குதிரைக்கும் பிள்ளைக்கும் நாளைக்கு வர மனம் இருக்கும் என்று முதியவர் விளக்கினார். தந்தைக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. மகளோ குதிரையின் வயிற்றுவாரைத் தளர்த்துவதில் முனைந்திருந்தாள்.

முதியவர் தந்தையை மரத்தடிக்கு அனுப்பியதை மரியாதைக் குறைவாகக் கொள்ளலாகாது. குதிரை மனிதரைப் படிப்பதில் வல்லது என்பதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. பெர்லின் நகரில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பான் ஓஸ்டன் என்பவர், ஹான்ஸ் என்னும் தம் குதிரை கணக்குப் போடும் என்றார். கேள்வி கேட்டால் அது விடையை முன்னங்காலால் தட்டிக் காட்டும். 1904இல் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, ஏமாற்று வித்தை எதுவும் காணவில்லை என்றது. பின்னர் ஆஸ்கர் புங்ஸ்ட் என்னும் இளம் உளநூலார், விடை தெரியாதவர் ஒருவரைக் கேள்வி கேட்கச் செய்தார். குதிரை திணறியது. சரியான எண் வந்ததும், கேட்பவரின் தலை தம்மை அறியாமலே இம்மியளவு அசைகிறது. அதைக் கண்டு ஹான்ஸ் தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907இல் அவர் எழுதினார். எல்லாரும் குதிரைக்குக் கணக்கு வராது என்பதையே பேசினார்கள். மனிதர் மனிதரிடம் காணாததைக் குதிரை கண்டது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சுவீடன் நாட்டில் 2009இல் வெளியான ஓர் ஆய்வும் உண்டு. குதிரையை நடத்திச் செல்பவர்களிடம், நான்காம் முறை செல்லும்போது திடீரென ஒரு குடை விரிக்கப்படும் என்று சொல்லிவைத்தார்கள். குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் அம்முறை நடத்திச் சென்றவரின் நெஞ்சத் துடிப்பும் உயர்ந்தது, குதிரையின் துடிப்பும் உயர்ந்தது. "பயப்படாதே" என்று நடுங்கும் குரலில் சொல்லித் தேர்வறை வாசலில் பிள்ளையை இறக்கிவிடும் பெற்றோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

விழுவதைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குதிரையேறுபவர் என்றாவது ஒரு நாள் விழுவர். பெரும்பாலும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். ஆனால் தலையில் அடிபட்டால் விளையாட்டன்று. தலைக்கவசம் இன்றிப் பிள்ளையை ஏற்றும் கூடம் எத்தனை மலிவாயினும் வேண்டாம். குதிகால் உயர்ந்த மூடிய காலணி வேண்டும். தட்டையான செருப்பாயின் பாதம் அங்கவடிக்குள் முழுதும் நுழைந்து சிக்கிக்கொள்ளும், விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துச் செல்லும். பிள்ளை மனமின்றி அழுதால் அன்று ஏற்ற வேண்டாம். அடுத்த வாரமும் குதிரை அங்கேதான் இருக்கும்.

உடற்குறை உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் 1944இல், கருவுற்றிருந்த நிலையில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். குழந்தை நலமாகப் பிறந்தது. தாய்க்கோ முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவேயில்லை. பிறர் தூக்கி ஏற்றிவிட்டால்தான் குதிரைமேல் அமர இயலும். காலால் கேட்க முடியாததை, ஜூபிலி என்னும் அவருடைய குதிரை, அவர் எடையைச் சற்றே மாற்றி அமர்வதிலிருந்தே புரிந்துகொள்ளப் பழகியது. அதுவரை படை அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த குதிரை நடைப் போட்டி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அம்முறையே அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் வெள்ளி. அதன் பின்னரே உடற்குறையுள்ளோர்க்கான குதிரையேற்றப் பயிற்சி ஐரோப்பிய நாடுகளில் வேகமாகப் பரவியது. குதிரை நடக்கும்போது ஏறியிருப்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கையில் அசைவது போலவே அசைகிறது. நடக்க இயலாத பிள்ளையின் உடலுக்கு நடையின் தாளம் கிடைக்கிறது. இது மருந்தன்று, நோய் தீரும் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். மருத்துவரின் அறிவுரையோடு, பயின்றவர் கையில் விடுங்கள்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. இக்கூடங்களில் விடியுமுன் எழுந்து தீனி வைப்பவரும், இரவில் வயிற்றுவலி கண்ட குதிரையைச் சுற்றிச் சுற்றி நடத்துபவரும் குதிரைக்காரர்கள். தந்தையிடமிருந்து மகன் என்று வழிவழியாக இத்தொழிலில் இருப்போர் பலர். அவர்கள் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். குதிரையின் பெயரையும் அதன் தாயின் பெயரையும் சொல்லத் தெரிந்த மாணவர் சிலர்க்குக் குதிரைக்காரரின் பெயர் தெரிவதில்லை. பிள்ளையை அங்கே சேர்க்கும் பெற்றோர், அவரை "அண்ணா" என்றோ "ஐயா" என்றோ அழைக்கும்படி முதல் நாளே சொல்லிவையுங்கள். குதிரையைப் பற்றி அவரிடம் கற்க வேண்டியது பயிற்றுநரிடம் கற்பதில் பாதியாவது இருக்கும்.

கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துகிறேன். அலுவலக அறையில் மாட்டியுள்ள கோப்பைகளைப் பார்க்க வேண்டாம். நேரே இலாயத்திற்குச் செல்லுங்கள். நீங்கள் நெருங்கும்போது குதிரைகள் தலையை வெளியே நீட்டுகின்றனவா, மூலைக்கு ஒதுங்குகின்றனவா என்று பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, அது தெளிவாயிருக்கிறதா? வயிற்றுவார் படும் இடத்திலும் சேணத்தின் கீழும் புண் உண்டா? வாயின் இரு ஓரங்களும் வெடித்திருக்கின்றனவா? ஒரு குதிரை நாளொன்றுக்கு எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறது என்று கேளுங்கள். நண்பகல் வெயிலிலும் பாடம் நடக்கிறதா என்றும் கேளுங்கள். பிறகு, ஒரு பாடம் முடியும்வரை வேலியோரம் அமைதியாக நின்று பயிற்றுநரின் குரலைக் கேட்டுவிட்டு வீடு திரும்புங்கள். பணம் கட்டுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.